பெடல் ஸ்டீல் கிட்டார்: முதலில் சுருதி, பிறகு பாட்டு

பெடல் ஸ்டீல் என்பது கால்கள்மேல் படுக்கையாக நிறுத்தி, ஸ்டீல் பாரைக் கம்பிமேல் நகர்த்தி வாசிக்கும் கிட்டார்; பெடலும் முழங்கால் லீவரும் அதன் கம்பிகளின் சுரத்தை மாற்றும். அதைக் கற்கத் தொடங்குகிறவர்கள் முதல் சில வாரங்களில் மனம் தளர்ந்துபோவதற்குப் பெரும்பாலும் கை காரணமல்ல, சுருதிதான் காரணம். சாதாரண கிட்டாரில் ஆறு கம்பியைச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. இங்கே பத்துக் கம்பியைச் சேர்த்த பிறகு, பெடலையோ முழங்கால் லீவரையோ அழுத்தும்போது அந்தக் கம்பி எந்தச் சுரத்துக்குப் போகிறதோ அதையும் தனியாகச் சேர்க்க வேண்டும். மூன்று பெடலும் நான்கு லீவரும் உள்ள கருவியில் பத்துத் திறந்த சுரங்கள் போக, இன்னும் ஒரு டஜனுக்கு மேல் சேர்க்க வேண்டியிருக்கும். ஒன்று பிசகினாலும், வாசிப்பவருக்குத் தன் கைதான் தவறு செய்கிறது என்று தோன்றும்.

இந்த வேலையை ஒழுங்காகச் செய்யப் பழகினால், எந்தப் பெடல் எந்தக் கம்பியை எங்கே கொண்டுபோகிறது என்பது மனப்பாடம் செய்யாமலே காதில் பதிந்துவிடும். அதனால் சுருதி சேர்ப்பதையே முதல் பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கருவி, என்னென்ன தேவை

தொடங்குகிறவர்களுக்கு ஒற்றைக் கழுத்து, பத்துக் கம்பி, இ9 சுருதி (கம்பிகளைச் சேர்க்கும் ஒரு முறை, கீழே வருகிறது), மூன்று பெடல், நான்கு லீவர் போதும். இரட்டைக் கழுத்துக் கருவியில் இரண்டாவது கழுத்து வழக்கமாக சி6 சுருதியில் இருக்கும். அது வேறொரு பாடம், எடையும் அதிகம். ஒரே ஒரு லீவரோடு வரும் மாணவர் கருவிகளைத் தவிர்ப்பது நல்லது. இ கம்பிகளை ஏற்றும் லீவரும் இறக்கும் லீவரும் இல்லாவிட்டால் கீழே சொல்லும் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) அமைப்புகளில் பாதி கிடைக்காது.

இவற்றோடு கனமான உருண்டை ஸ்டீல் பார் ஒன்று, பெருவிரலுக்கு பிளாஸ்டிக் பிக், ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் உலோக பிக், வலது காலுக்கு வால்யூம் பெடல், சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) காட்டும் ட்யூனர், நைலான் நட்டைத் திருப்பும் சாவி ஆகியவை வேண்டும். பார் பொதுவாக 22 மில்லிமீட்டர் விட்டத்தில், 200 கிராமுக்குச் சற்று மேல் எடையில் இருக்கும். கனம் குறைந்த பாரை வாங்காதீர்கள். கம்பி கரகரக்காமல் ஒலிப்பதற்குப் பாரின் எடைதான் காரணம், கையின் அழுத்தம் அல்ல.

உட்காரும் உயரம் முக்கியம். தொடை தரைக்கு இணையாகவும், முழங்கால் லீவர்களுக்கு நடுவே இருபுறமும் ஒரு விரல் இடைவெளியோடும் இருக்க வேண்டும். லீவரைத் தொட முழங்காலைத் தூக்க வேண்டியிருந்தால் இருக்கை தாழ்வு. தொடை கருவியின் அடியில் இடித்தால் உயரம். மெல்லிய அடிப்பாகம் உள்ள காலணி போடுங்கள். தடித்த ஷூவில் இரண்டு பெடல்களின் நடுவிளிம்பு காலுக்குத் தெரியாது.

இ9 சுருதி

உங்களிடமிருந்து மிகத் தள்ளி இருப்பது முதல் கம்பி, வயிற்றுப் பக்கம் இருப்பது பத்தாவது. அடைப்புக்குறிக்குள் இருப்பது வழக்கமான தடிமன், அங்குலத்தில்:

1 – எஃப் ஷார்ப் (0.013)
2 – டி ஷார்ப் (0.015)
3 – ஜி ஷார்ப் (0.011)
4 – இ (0.014)
5 – பி (0.017)
6 – ஜி ஷார்ப் (0.020)
7 – எஃப் ஷார்ப் (0.026)
8 – இ (0.030)
9 – டி (0.034)
10 – பி (0.036 அல்லது 0.038)

முதல் இரண்டு கம்பிகளும் வரிசையில் இல்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாவற்றிலும் உயர்ந்த சுரம் மூன்றாம் கம்பியில் இருக்கிறது, எல்லாவற்றிலும் மெல்லிய கம்பியும் அதுதான். சாதாரண கிட்டார் பழக்கத்தில் முதல் கம்பிதான் உச்சம் என்று நினைத்து முறுக்கினால் கம்பி அறுந்துவிடும். நான்காம் கம்பியின் இ, சாதாரண கிட்டாரில் மெல்லிய கம்பியைத் திறந்து மீட்டும்போது வரும் அதே இ. எட்டாவது அதற்கு ஒரு ஸ்தாயி கீழே. இந்த இரண்டும் சரியான ஸ்தாயியில் இருந்தால் மற்றவை இடம் மாறாது.

பெடல்கள், ஸ்டீல் கலைஞர் பட்டி எமன்ஸ் பெயரில் வழங்கும் எமன்ஸ் அமைப்பில் இடமிருந்து வலமாக ஏ, பி, சி. ஏ பெடல் 5, 10 ஆகிய பி கம்பிகளை சி ஷார்ப்புக்கு ஏற்றும். பி பெடல் 3, 6 ஆகிய ஜி ஷார்ப் கம்பிகளை ஏ சுரத்துக்கு ஏற்றும். சி பெடல் நான்காம் கம்பியை எஃப் ஷார்ப்புக்கும் ஐந்தாம் கம்பியை சி ஷார்ப்புக்கும் ஏற்றும். இன்னொரு ஸ்டீல் கலைஞர் ஜிம்மி டே பெயரில் வழங்கும் டே அமைப்பில் இந்த வரிசை அப்படியே தலைகீழ். பழைய கருவி வாங்கினால் இதை முதலில் பாருங்கள்.

லீவர்கள் கருவிக்குக் கருவி இடம் மாறும். எமன்ஸ் அமைப்பில் இடது முழங்காலை இடப்பக்கம் தள்ளினால் 4, 8 ஆகிய இ கம்பிகள் எஃப்புக்கு ஏறுவதும், வலப்பக்கம் தள்ளினால் டி ஷார்ப்புக்கு இறங்குவதும் பரவலான ஏற்பாடு. வலது முழங்காலில் ஒரு லீவர் இரண்டாம் கம்பியை டி வழியாக சி ஷார்ப் வரை இறக்கும். ஒன்பதாம் கம்பியையும் சி ஷார்ப்புக்கு இறக்கும். இன்னொன்று முதல் கம்பியை ஏற்றும். உங்கள் கருவியில் எது எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாக அழுத்தி, மீட்டி, ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதுங்கள். இந்தக் கட்டத்துக்கு ஸ்டீல் வாசிப்பவர்கள் வைத்த பெயர் கோபெடன்ட். அந்தத் தாள் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

சேர்க்கும் வரிசை

கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் சேர்க்காதீர்கள். அறையின் வெப்பத்துக்கு உலோகமும் மரமும் பழகக் கால் மணி நேரமாவது விடுங்கள். பிறகு எல்லாப் பெடலையும் லீவரையும் ஐந்தாறு முறை அழுத்தி விடுங்கள். கம்பி தன் இடத்தில் உட்காரும்.

இங்கே சொல்வது ஆல்-புல் இயந்திரம் (ஏற்றமும் இறக்கமும் இழுப்பதாலேயே நடப்பது) உள்ள கருவிகளுக்கு. இன்று கிடைக்கும் பெரும்பாலானவை அந்த வகைதான். பழைய புஷ்-புல் கருவிகளுக்கு வரிசை வேறு. அவற்றில் இந்த முறையைப் பின்பற்றினால் குழப்பமே மிஞ்சும்.

காலையும் முழங்காலையும் விலக்கி வைத்து, திறந்த கம்பிகளைத் தலைப்பக்கச் சாவியில் சேருங்கள். ட்யூனரை 440 ஹெர்ட்ஸில் வைத்து நான்காம் கம்பியின் இ சுரத்தைச் சரியாகப் பூஜ்யத்தில் நிறுத்துங்கள். எட்டாவதை அதற்கு ஒத்து. ஐந்தாவது பி-யை இ-யோடு சேர்த்து மீட்டி, ஒலி அலையடிக்காமல் நிற்கும் வரை திருப்புங்கள். ட்யூனரில் அது 2 சென்ட் அளவுக்கு மேலே காட்டும், அது சரிதான். பத்தாவது ஐந்தாவதற்கு ஒத்து.

ஜி ஷார்ப்பில்தான் ட்யூனரை முழுக்க நம்பக் கூடாது. அதைப் பூஜ்யத்தில் நிறுத்திவிட்டு 4, 5, 6 மூன்றையும் சேர்த்து மீட்டிப் பாருங்கள். கார்ட் கூர்மையாக, வேகமாக அதிர்வதுபோல் கேட்கும். இப்போது ஆறாம் கம்பியை மெல்ல இறக்குங்கள். அதிர்வு மெதுவாகும், நீளும், ஓரிடத்தில் அடங்கிவிடும். ட்யூனரில் அந்த இடம் சுமார் 14 சென்ட் கீழே. பியானோவில் எல்லா அரைச்சுரங்களும் சமமாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் அங்கே மேஜர் மூன்றாம் சுரம் (இ-க்கு ஜி ஷார்ப் போல) இயற்கையான இடத்தைவிட 14 சென்ட் ஏறி இருக்கிறது. பியானோ ஒலி சீக்கிரம் தேய்வதால் காது அதைப் பொறுத்துக்கொள்ளும். ஸ்டீலில் ஒரு கார்ட் பல வினாடிகள் நீடித்து ஒலிக்கும், காது பொறுக்காது. கீபோர்டோடு சேர்ந்து வாசிக்கும்போது 14-க்குப் பதில் 8 முதல் 10 சென்ட் இறக்கி நிறுத்துகிறவர்களும் உண்டு. தொடக்கத்தில் காதுக்கு அடங்கும் இடத்தையே பிடியுங்கள்.

மூன்றாவதை ஆறாவதற்கு ஒத்துச் சேருங்கள். இரண்டாவது டி ஷார்ப்பை ஐந்தாவது பி-யோடு சேருங்கள்; இதுவும் மூன்றாம் சுரம் என்பதால் 12 சென்ட் அளவுக்கு இறங்கி நிற்கும். ஒன்பதாவதைத் தொடக்கத்தில் ட்யூனரிலேயே வைத்துக்கொள்ளலாம். 1, 7 ஆகிய எஃப் ஷார்ப் கம்பிகளைத் தற்காலிகமாகப் பூஜ்யத்தில் விடுங்கள். அவற்றுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

அடுத்து பெடல்கள். வலதுகைப் பக்க முனையில், கம்பியை இழுத்தும் தளர்த்தியும் சுரம் மாற்றும் சேஞ்சர் என்ற பொறிக்கு வெளியே வரிசையாக நைலான் நட்டுகள் தெரியும். ஒவ்வொரு நட்டும் ஒரு இழுகம்பியின் (பெடலையோ லீவரையோ சேஞ்சரோடு இணைப்பது) முனை. பெடலை அழுத்தும்போது அசையும் நட்டுதான் அந்தப் பெடலுக்குரியது; சந்தேகம் இருந்தால் அழுத்திக்கொண்டே பாருங்கள். கடிகாரச் சுற்றில் திருப்பினால் இழுப்பு கூடும். அதனால் ஏற்றும் நட்டு மேலும் ஏற்றும், இறக்கும் நட்டு மேலும் இறக்கும். கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்புங்கள்.

முதலில் பி பெடல். அதை அழுத்திப் பிடித்து ஆறாம் கம்பியின் ஏ சுரத்தை நான்காம் கம்பியின் இ-யோடு அலையில்லாமல் சேருங்கள். மூன்றாவதும் அப்படியே. பிறகு பி பெடலை விடாமல் ஏ பெடலையும் அழுத்தி, ஐந்தாம் கம்பியின் சி ஷார்ப்பை ஆறாம் கம்பியோடு அடக்குங்கள். ட்யூனரில் 15, 16 சென்ட் கீழே இருக்கும். அதன் பிறகு பத்தாவது.

இரண்டு பெடலையும் சேர்த்து அழுத்தும்போது இழுவை கூடி கருவியின் உடல் இம்மியளவு வளையும். அழுத்தாத இ கம்பிகளும் சில சென்ட் இறங்கும். இதைக் கேபினட் டிராப் என்பார்கள். எந்தக் கருவியிலும் கொஞ்சம் இருக்கும். அதனால்தான் ஏ, பி இரண்டையும் அழுத்திய நிலையில் இ-யோடு இன்னொரு முறை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வது. உடன்பாடு வராவிட்டால் பிழையை இரண்டு பக்கமும் பகிர்ந்துவிடுங்கள்.

சி பெடலில் தொடங்குகிறவர்கள் தவறவிடும் ஒன்று உண்டு. ஐந்தாம் கம்பியை ஏ பெடலும் ஏற்றுகிறது, சி பெடலும் ஏற்றுகிறது. இரண்டுக்கும் தனித்தனி நட்டு. ஏ பெடலில் சேர்த்த சி ஷார்ப்பும் சி பெடலில் வரும் சி ஷார்ப்பும் ஒன்றாக இருக்கின்றனவா என்று மாற்றி மாற்றி அழுத்திக் கேளுங்கள். பிறகு சி பெடலை அழுத்தியபடி நான்காம் கம்பியின் எஃப் ஷார்ப்பை அந்த சி ஷார்ப்போடு சேருங்கள்.

இப்போது அந்தச் சிக்கல். சி பெடலில் நான்காம் கம்பி தரும் எஃப் ஷார்ப், சி ஷார்ப்புக்குத் துணையாக நிற்பதால் 18 சென்ட் வரை கீழே இருக்கும். முதல் கம்பியின் திறந்த எஃப் ஷார்ப்பை பி-யோடு சேர்த்தால் அது 4 சென்ட் மேலே நிற்கும். பெயரளவில் ஒரே சுரம், நடுவே 20 சென்ட்டுக்கு மேல் வித்தியாசம். இரண்டும் சரி, ஆனால் இரண்டையும் சேர்த்து மீட்ட முடியாது. பெரும்பாலோர் 1, 7 கம்பிகளை இரண்டுக்கும் இடையில் எங்கோ நிறுத்திச் சமாளிக்கிறார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இது கருவியின் கோளாறு அல்ல, சுரங்களின் கணக்கு.

இ கம்பிகளை இறக்கும் லீவரைப் பிடித்து, நான்காம் கம்பியின் டி ஷார்ப்பை ஐந்தாம் கம்பியின் பி-யோடு அடக்குங்கள். எட்டாவதை அதற்கு ஒத்து. ஏற்றும் லீவரைச் சேர்க்கும்போது ஏ பெடலையும் கூடவே அழுத்திக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்த எஃப் சுரம் வேலை செய்வது சி ஷார்ப்போடுதான். காதுக்கு அடங்கும் இடத்தில் ட்யூனர் 25 முதல் 30 சென்ட் கீழே காட்டும். பதறி மேலே ஏற்றிவிடாதீர்கள். இரண்டாம் கம்பியை இறக்கும் லீவரில் பாதி வழியில் காலுக்கு ஒரு தடை தட்டுப்படும். அதுவரை டி, அதைத் தாண்டினால் சி ஷார்ப். அந்தத் தடை தெளிவாகத் தெரியாத கருவியில் டி சுரத்தை நம்பி வாசிக்க முடியாது.

எங்கே பிசகும்

நட்டைத் திருப்பும்போது பெடலை அழுத்தாமலே திறந்த சுரம் மாறினால், நட்டு அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது, ஓய்வு நிலையிலும் கம்பியை இழுத்துக்கொண்டிருக்கிறது. தளர்த்திவிட்டுத் திறந்த சுரத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். ஓய்வில் இழுகம்பிக்குக் கொஞ்சம் தளர்வு இருந்தே ஆக வேண்டும்.

எவ்வளவு திருப்பினாலும் ஏற்றும் சுரம் எட்டவில்லையென்றால், பெடலின் பயணத் தூரம் போதவில்லை அல்லது தவறான தடிமனில் கம்பி போட்டிருக்கிறது. ஆறாவதை 0.020 வெற்றுக் கம்பியிலிருந்து 0.022 சுற்றுக் கம்பிக்கு மாற்றினாலும் இழுப்பு மாறும். பெல்கிராங்க் (பெடலின் அசைவை இழுகம்பிக்குக் கடத்தும் நெம்பு) துளைகளை மாற்றும் வேலையில் முதல் ஆறு மாதம் இறங்காதீர்கள்.

இறக்கிவிட்ட கம்பி திரும்பி வரும்போது கீழேயே நின்றுவிட்டால், மீட்புச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், சேஞ்சரில் தூசு படிந்திருக்கலாம். மூன்றாம் கம்பி அடிக்கடி அறும். மெல்லியது, உச்சச் சுரம், அதையும் பி பெடல் மேலே இழுக்கிறது. சேஞ்சர் விரலின் வளைவில் கம்பி உட்காரும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் இன்னும் சீக்கிரம் அறும். நான்கைந்து உதிரிக் கம்பிகள் கையில் இருக்கட்டும். புதுக் கம்பி போட்டதும் பெடலை இருபது முறை அழுத்திவிட்டுச் சேருங்கள், இல்லாவிட்டால் பாட்டின் நடுவில் இறங்கும்.

கைக்கு முதல் வேலை

பாரைப் பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்து, ஆள்காட்டி விரலை மேலே வையுங்கள். மோதிர விரலும் சுண்டு விரலும் பாருக்குப் பின்னால் கம்பிமேல் படுத்தபடி கூடவே நகரும். அவைதான் பின்பக்க இரைச்சலை அடக்குகின்றன. பாரின் நடு அச்சு ஃப்ரெட் கோட்டுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். சாய்ந்து பார்த்தால் கோடு தள்ளித் தெரியும். தொடர்ந்து ஒலிக்கும் ஒரு ஜி சுரத்தைப் பின்னணியில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். கோடு வழிகாட்டி மட்டுமே, முடிவு காதுடையது.

பாரை நகர்த்தாமல் ஒரு முழு ஸ்கேல் வாசிக்கலாம். மூன்றாம் ஃப்ரெட்டில் பாரை வைத்து 8, 7, 6, ஆறாவதையே பி பெடலோடு, 5, ஐந்தாவதையே ஏ பெடலோடு, 2, 4 என்று மீட்டுங்கள். ஜி, ஏ, பி, சி, டி, இ, எஃப் ஷார்ப், ஜி. ஒரு சுரத்தை மீட்டும் முன் முந்தையதை உள்ளங்கையின் ஓரத்தால் அடக்குங்கள். பாம் பிளாக்கிங் எனப்படும் இந்தப் பழக்கம் வராவிட்டால் பெடல் ஸ்டீல் குழைந்து கூழாகக் கேட்கும். மிக மெதுவாக, ஒவ்வொரு சுரத்துக்கும் நடுவே முழு நிசப்தம் வரும்படி பழகுங்கள். இரண்டு வாரம் இதற்கே போனாலும் வீணில்லை.

கார்ட்டுகளுக்கு 3-4-5, 4-5-6, 5-6-8, 6-8-10 என்று மும்மூன்று கம்பிகளைச் சேர்த்து மீட்டும் நான்கு பிடிகள். ஏழும் ஒன்பதும் தாண்டப்படும். மூன்றாம் ஃப்ரெட்டில் பெடலின்றி இவை நான்கும் ஜி மேஜர். அங்கேயே ஏ, பி இரண்டையும் அழுத்தினால் சி மேஜர். பெடலை விடாமல் ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு நகர்ந்தால் டி மேஜர். திரும்பி மூன்றுக்கு வந்து பெடலை விட்டால் ஜி. எத்தனையோ கன்ட்ரி பாட்டுகளுக்கு இந்த மூன்று கார்ட்டே போதும்.

பெடலை மீட்டும் முன்பே அழுத்தி வைக்காமல், மீட்டிய பிறகு ஒலி நீடிக்கும்போதே அழுத்திப் பாருங்கள். இரண்டு சுரம் வழுக்கி ஏற, ஒன்று அசையாமல் நிற்கும். 1954-ல் வெளிவந்த, கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸ் பாடிய ‘ஸ்லோலி’ பாட்டில் ஸ்டீல் கலைஞர் பட் ஐசக்ஸ் இப்படி வாசித்ததைக் கேட்ட பிறகுதான் மற்ற ஸ்டீல் கலைஞர்கள் பெடல் பொருத்த ஓடினார்கள். அதுவரை பெடல், கார்ட் மாற்றும் வசதியாகவே பெரும்பாலும் இருந்தது. அழுத்தும் வேகமும் பாட்டின் ஒரு பகுதி. கால் ‘தட்’ என்று விழாமல் தாளத்துக்குள் இறங்க வேண்டும்.

அதே ஜி மேஜர் இன்னும் இரண்டு இடங்களில் கிடைக்கும்: ஆறாம் ஃப்ரெட்டில் ஏ பெடலும் இ ஏற்றும் லீவரும், பத்தாம் ஃப்ரெட்டில் ஏ, பி பெடல்கள். பதினைந்தில் மறுபடி பெடலின்றி. 3, 6, 10, 15 என்ற இந்த ஏணியை எந்தக் கார்ட்டுக்கும் நகர்த்தலாம். மைனர் வேண்டுமானால் மூன்றாம் ஃப்ரெட்டில் ஏ பெடல் மட்டும் இ மைனர் தரும். பி, சி பெடல்கள் 3-4-5 கம்பிகளில் ஏ மைனர். இ இறக்கும் லீவர் பி மைனர்.

வால்யூம் பெடலை முதல் மாதம் பாதியில் நிறுத்திவிட்டு மறந்துவிடுங்கள். பிறகு, மீட்டிய ஒலி தேயத் தேயக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி அதே அளவில் நீட்டப் பழகுங்கள். மீட்டும் கணத்தில் மூடி உடனே திறக்கும் பழக்கம் எளிதில் ஒட்டிக்கொள்ளும். அது வந்துவிட்டால் ஒவ்வொரு சுரமும் பின்னால் இழுத்துவிட்டதுபோல் கேட்கும், தாளம் தள்ளாடும்.